மரைக்கார் வீட்டு நோவு

தங்கச்சிமடம் சந்தியாகு மண்டாடி சட்டை போட்ட நாள்கள் அவர் ஆயுசில் ரொம்பக் குறைவு. கல்யாணத்தன்று போட்டார். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது போட்டார். ஈஸ்டர் பூசைக்கும் ஊர்க்கோயில் புனிதர் சந்தியாகப்பர் திருநாளுக்கும் போட்டார். கோயில் வாசலைத் தாண்டியதும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். மற்றபடி வெயிலோ மழையோ வாடைக்காற்றோ, திறந்த மார்புதான். அப்பேர்ப்பட்ட மனுஷன் அறுபது தாண்டிய வயதில் ஒரு நாள் காலர் வைத்த சட்டையோடு வள்ளம் ஏறினார். நனைந்தாலும் கழற்றவில்லை, வேர்த்தாலும் கழற்றவில்லை. கரை முழுக்க அதே பேச்சுதான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. மண்டாடிக்கு இப்போதுதான் நாகரிகம் வந்திருக்கிறது என்று சிரித்தவர்களும் உண்டு.

மண்டாடி என்றால் வள்ளத்தை நடத்துகிறவர். எங்கே வலை விடுவது, எப்போது பாயை இறக்குவது, எல்லாம் அவர் வாக்கு. சந்தியாகு நீரோட்டத்தைப் பார்த்து “இங்கன விடுங்கலே” என்றால் அங்கே மீன் இருக்கும். இல்லாமல் போன நாள்களும் உண்டுதான், ஆனால் அதை எடுத்துச் சொல்ல எவனுக்கும் வாய் வராது. குரல் அப்படி. அவர் கத்தினால் பாம்பன் வரைக்கும் கேட்கும் என்பாள் மனைவி மிக்கேலம்மாள். அவள் கத்தினால் பாலம் தாண்டி மண்டபம் வரைக்கும் கேட்கும், அது வேறு சங்கதி. மொத்தத்தில், சந்தியாகு ஒன்று சொன்னால் கரை அதை நம்பும். அவருடைய பெருமையே அதுதான். கடைசியில் அவரைப் படுத்தி எடுத்ததும் அதுதான்.

வள்ளத்தில் ஒரு மரியாதை உண்டு. மறைவுக்கு இடமில்லாத சின்னக் கலம். ஒருத்தன் ஒண்ணுக்குப் போக எழுந்து, பின்பக்கம் போய்ப் பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், மற்றவர்கள் எல்லாரும் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அண்ணன் நின்றால் தம்பி பார்க்கமாட்டான், மாமன் நின்றால் மருமகன் பார்க்கமாட்டான். எவ்வளவு நேரம் நின்றாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்; கேட்டால் அசிங்கம். அலைச் சத்தத்தில் வேறொன்றும் காதில் விழாது. நிற்கிறவனுக்கே விழாது. சந்தியாகுக்கு நீர் சரியாகப் போகாமல் ஆனது அதனால்தான் ஒரு ஈ காக்கைக்கும் தெரியவில்லை.

முதலில் தாமதம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார், வராது. வந்தால் நூல் மாதிரி வரும், நடுவிலே அறுந்துபோகும். முடிந்தது என்று வந்து உட்கார்ந்தால் மறுபடி முட்டும். சூடு என்று நினைத்துக்கொண்டார். கடல்காரன் உடம்புக்கு என்ன வந்தாலும் ஒன்று சூடு, இல்லையென்றால் குளிர். மூன்றாவதாக ஒன்று கிடையாது. இளநீர் குடித்தார், பதநீர் குடித்தார். நெருஞ்சிமுள்ளைத் தட்டிக் கசாயம் வைக்கச் சொன்னார்.

“யாருக்கு?” என்றாள் மிக்கேலம்மாள்.

“வள்ளத்துக்கு. கேக்குறா பாரு கேள்வி.”

அவள் கசாயத்தை வைத்துக் கொடுத்தாள். ஆனால் வேட்டியைத் துவைக்கிறவளும் அவள்தானே? வேட்டி எத்தனை கதையைச் சொல்லும் என்று துவைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

“இது சூடு இல்ல. சூடுன்னா நாலு இளநியில எறங்கிரும்” என்றாள் ஒரு நாள். “ஒரு டாக்டர்ட்டப் போயிக் காட்டுங்க.”

“போறேன், போறேன்.”

அந்தப் ‘போறேன்’ ஒரு வருஷம் ஓடியது.

சந்தியாகுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். வாவு முகம்மது என்று பேர், பூர்வீகம் கீழக்கரை மரைக்கார் குடும்பம், பாம்பனில் கருவாட்டு மண்டி வைத்திருந்தார். பிள்ளைகள் எல்லாரும் கொழும்பில் வியாபாரம். சந்தியாகு பிடிக்கிற மீனில் பாதி வாவு முகம்மதுவின் மண்டியில்தான் கருவாடாகும். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயது. இளம் வயதில் விலைக்காகச் சண்டை போட்டுச் சண்டை போட்டே சிநேகிதர்களானவர்கள். இவர் அவரை மரைக்காரே என்பார், அவர் இவரை மண்டாடி என்பார்.

வாவு முகம்மதுக்கும் இதே தொந்தரவு வந்தது. ஆனால் அவருக்கு அது வந்த நாளே தெரிந்துவிட்டது. எப்படி என்கிறீர்களா? தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவிச் சுத்தமாவதற்கு ஒளு என்று பேர். ஒளு செய்த பிறகு ஒரு சொட்டுச் சிறுநீர் இறங்கினாலும் அது முறிந்துபோகும், மறுபடி முதலில் இருந்து செய்யவேண்டும். ஐந்து வேளையும் தொழுகிற மனுஷன். வேளைக்கு வேளை யாரோ உள்ளே உட்கார்ந்து பரிசோதித்துச் சொல்கிற மாதிரிதான்.

“ஒளு நிக்கமாட்டேங்குது மண்டாடி” என்று அவர் ஒரு தரம் வருத்தத்தோடு சொன்னார். “கழுவிட்டு எந்திரிச்சா ஒரு சொட்டு எறங்கிருது. திரும்பப் போயி உக்காருறேன். எனக்குப் பின்னால வந்தவுக எல்லாம் தொழுதுட்டு வீட்டுக்குப் போயிர்றாக.”

அவர் சூடு குளிர் என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மருந்துக்காகக் காத்திருக்கலாம், தொழுகையைக் காக்கவைக்க முடியுமா? நேராக ராமநாதபுரத்துக்கு ரயில் ஏறி, மதராஸில் படித்துவிட்டு வந்திருந்த ஒரு டாக்டரிடம் காட்டினார். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில் கட்டி, ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். மதுரைக்கு அனுப்பி வைத்தியம் செய்தார்கள். அவரைப் பார்த்து அவர் பள்ளிவாசலில் இன்னும் சில வயதானவர்களும் தங்கள் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனார்கள். அதில் சிலருக்கு இருந்தது. ஊரிலே இதற்கு ஒரு பேரும் விழுந்துவிட்டது: மரைக்கார் வீட்டு நோவு. அதிகமாகக் கறி சாப்பிடுகிறவர்களுக்கு வருகிறது, அத்தர் பூசுகிறவர்களுக்கு வருகிறது என்று ஆளுக்கொரு காரணமும் சொன்னார்கள். காரணம் சொல்வதற்கா நம் ஊரில் ஆள் பஞ்சம்?

அந்த வருஷம் மாசி மாதம் வாவு முகம்மது மறுபடி டாக்டரைப் பார்க்கப் போகவேண்டியிருந்தது. பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. “கூட வாங்க மண்டாடி, பேச்சுத் துணைக்கு” என்றார். சந்தியாகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ரயில் பாம்பன் பாலத்தைத் தாண்டுவதற்குள் சந்தியாகு எழுந்து கக்கூசுக்குப் போனார். மண்டபத்தில் போனார். உச்சிப்புளி வருவதற்குள் திரும்பப் போய், கதவுக்குப் பின்னால் நெடுநேரம் நின்றார். கடலில் நிற்கிறபோது யாரும் பார்க்கவில்லை. ரயிலில் எதிர்ப் பலகையில் வாவு முகம்மது உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற வழக்கம் கிடையாது.

“எத்தன நாளா இப்படி?” என்றார்.

“எப்படி?”

“இப்ப போயிட்டு வந்தீகளே, அப்படி.”

“ரயிலு ஆட்டம், மரைக்காரே. தரையில போற வண்டி நமக்குப் பழக்கமில்ல.”

டாக்டர் வீட்டில் தன் முறை முடிந்து, திரைக்குப் பின்னால் இருந்து கைலியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்த வாவு முகம்மது, “இவுகளையும் ஒரு தரம் பாருங்க டாக்டர்” என்று சந்தியாகுவைக் காட்டினார். சந்தியாகுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சற்று முன்புதான் வாவு முகம்மதுவின் வாயைப் பிடுங்கித் தெரிந்துகொண்டிருந்தார். பின்பக்கமாக விரலை விட்டுப் பார்ப்பார்களாம். அட சேசுவே, உலகத்தில் இதற்கும் ஒரு படிப்பா!

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் தொணைக்கு வந்த ஆளு.”

டாக்டர் சிரித்தார். நல்ல மனுஷர், வேலை அதிகம். “கடல்காரரா?” என்று கேட்டார். “வெள்ளைக்காரங்களுக்குத்தான் இது அதிகம்னு புஸ்தகத்துல படிச்சோம். இந்தப் பக்கம் குறைவு. இங்க நான் பார்த்தவங்க எல்லாரும் மரைக்கார் வீட்டு ஆளுங்க. உங்க ஆளுங்கள்ல ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்லை. இருந்தாலும் வந்தது வந்தீங்க, படுங்க, பார்த்துடலாம்.”

“நீங்களே சொல்லிட்டீகளே, நம்ம ஆளுகளுக்குக் கெடையாதுன்னு. பெறகு என்னத்தப் படுக்க?” சந்தியாகு அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். அடுத்த நோயாளி உள்ளே வந்தார், டாக்டரும் விட்டுவிட்டார்.

டாக்டர் பொய் சொல்லவில்லை. கடல்காரர் ஒருத்தரையும் அவர் பார்த்ததில்லைதான். ஒருத்தரும் அவரிடம் போனதில்லையே, பிறகு எங்கிருந்து பார்ப்பது? அதை அவரும் யோசிக்கவில்லை, இவரும் யோசிக்கவில்லை. இந்த இடத்தில் நமக்குக் கோபம் கோபமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வெள்ளைக்காரன் புஸ்தகம் நோவை வெள்ளைக்காரனுக்கு எழுதி வைத்தது. டாக்டர் அதில் கொஞ்சம் எடுத்து மரைக்கார்களுக்குக் கொடுத்தார். சந்தியாகு தன் ஜனத்துக்குப் பங்கே வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார்.

வந்தவர் சும்மா இருந்தாரா? பயம் விட்டுப்போன சந்தோஷத்தில் கரையெல்லாம் சொன்னார். வலை காயப்போடுகிற இடத்தில் சொன்னார், ஏலக்கூடத்தில் சொன்னார். “கடல் காத்தும் மீனும் உள்ள உடம்புலே. அந்த நோவு நமக்கு வராதாம். டாக்டரே சொல்லிட்டாரு.” காற்றும் மீனும் அவர் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டது. அவரை விட அதிகமாகச் சொன்னது அவர் தம்பி மரியதாஸ். அண்ணனை விட நாலைந்து வயது இளையவர், அதே வள்ளத்தில் வலை இழுக்கிறவர். “எங்கண்ணே ராமநாதபுரத்துல டாக்டர்ட்டயே நேரா கேட்டுட்டு வந்துட்டாரு. நமக்குக் கெடையாது” என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லித் தீர்த்தார். இவருக்கு என்ன இத்தனை சந்தோஷம் என்று யாரும் கேட்கவில்லை. பாம்பன், அக்கா மடம், மண்டபம் என்று அந்தச் சொல் கரையோடு கரையாகப் போய்ச் சேர்ந்தது.

மிக்கேலம்மாள் மட்டும் கேட்டாள்: “டாக்டரு தொட்டுப் பாத்துச் சொன்னாரா, பாக்காமச் சொன்னாரா?”

“வாயப் பொத்திட்டுச் சோத்தப் போடு.”

ஆடி மாதம் சந்தியாகப்பர் திருநாள் வந்தது. அன்றைக்குச் சப்பரத்தின் முன்கொம்பு சந்தியாகுவின் தோளுக்கு. அவர் அப்பா தூக்கிய கொம்பு அது. அன்று காலையில் இருந்தே அவருக்கு ஒரு சொட்டும் இறங்கவில்லை. அடிவயிறு பானை மாதிரி கல்லாகிக் கிடந்தது. திருநாளுக்குப் போட்ட சட்டைக்குள்ளே வேர்வை ஆறாக ஓடியது. கொம்பைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் ஆயிரம் பேர் கேட்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். கோயிலைச் சுற்றிப் பாதி தூரம் வந்ததும் முழங்கால் மடங்கி, சப்பரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. மற்றவர்கள் தாங்கிக்கொண்டார்கள். சந்தியாகு மணலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வலியை விட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

திருநாளுக்கு வாவு முகம்மதுவும் வருஷா வருஷம் வருவார். கோயிலுக்கு வெளியே பூவரச மர நிழலில் நிற்பார். ஓடிவந்து அடிவயிற்றில் கையை வைத்துப் பார்த்தவர், “ரயிலு எப்ப?” என்று மட்டும் கேட்டார். பாலம் தாண்ட ரயிலை விட்டால் வேறு வழி கிடையாது. அந்த ரயில் வருகிற வரைக்கும் பாம்பன் ஸ்டேஷன் பெஞ்சில் சந்தியாகு போட்ட சத்தம், பாவம், அவர் ஆயுசில் முதல் தடவையாக யாரையும் அதட்டாமல் போட்ட சத்தம்.

டாக்டர் ரப்பர்க் குழாயைச் செருகி நீரை இறக்கினார். வயிறு அமுங்க அமுங்கச் சந்தியாகு அழுதார். சுகத்தில் அழுதார். கொஞ்சம் தெளிந்த பிறகு டாக்டர், “இப்பப் படுப்பீங்களா?” என்று கேட்டார். சந்தியாகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். நினைத்துப் பயந்த அளவுக்கு ஒன்றுமே இல்லை. வெற்றிலை மடிக்கிற நேரம்தான்.

டாக்டர் கையை ரொம்ப நேரம் கழுவினார். “கல்லு மாதிரி இருக்கு” என்றார். “அன்னைக்கே உங்களைப் பார்த்திருக்கணும். பார்க்காம அனுப்பிட்டேன்.”

“நாந்தானங்க எந்திரிச்சு ஓடிட்டேன்.”

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இன்னும் சோதனை செய்தார்கள். புற்று என்றார்கள். எலும்புக்குப் போகவில்லை, போயிருந்தால் நடக்க முடியாமல் ஆகியிருக்கும் என்றார்கள். அப்புறம் வைத்தியம் என்ன என்று சொன்னார்கள். விதை இரண்டையும் எடுத்துவிடவேண்டும், அதன் பிறகு மாத்திரை.

சந்தியாகு போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார். ஒரு மண்டாடிக்கு இதைவிட வேறு என்ன கேடு வரவேண்டும்? செத்துப்போகலாம் என்று நிஜமாகவே நினைத்தார்.

கட்டில் ஓரத்தில் வாவு முகம்மது உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், “எனக்கும் அதேதான் செஞ்சாக” என்றார்.

போர்வை விலகியது. “உங்களுக்கா?”

“ஆமா. நான் என்ன செத்தா போயிட்டேன்? மண்டியில விலை பேசுறப்ப எங்கிட்ட என்னத்தக் கொறச்சலாப் பாத்தீக? நெஞ்சுதான் மாத்திரைக்குக் கொஞ்சம் வீங்கிப்போச்சு. நான் ஜிப்பாப் போடுற ஆளு, எவனுக்குத் தெரியும்?” இன்னும் குனிந்து சொன்னார்: “ஒளு நிக்குது மண்டாடி. ஒரு தரம் கழுவிட்டு எந்திரிச்சா நிக்குது. அது போதும் எனக்கு.”

மிக்கேலம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று சந்தியாகு மருகினார். நர்ஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். மிக்கேலம்மாள் வந்து தலைமாட்டில் நின்று, “இந்த வயசுல அத வச்சு என்ன பண்ணப் போறீக?” என்றாள். “ஒரு வீசை கருவாட்டுக்காவது ஆகுமா? பேசாம குடுத்துட்டு வாங்க.” சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “எனக்கு நீங்க வேணும். மத்தது எதுவும் வேண்டாம்.” இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

அப்படித்தான் சட்டை வந்தது. மாத்திரை சாப்பிடச் சாப்பிட மார்பு பருத்தது, பெண்பிள்ளைக்கு மாதிரி. துணி பட்டாலே வலித்தது. ஆனால் சில வாரங்களில் நீர் தானாகப் போக ஆரம்பித்தது, குழாயை எடுத்துவிட்டார்கள். என்ன வியாதி என்று கேட்டவர்களிடம், கல்லடைப்பு என்று சொல்லிவைத்தார். கல்லடைப்பு மரியாதையான வியாதி, யாருக்கும் வரலாம். சட்டை எதற்கு என்றால், மதுரை டாக்டர் நெஞ்சில் குளிர் படக்கூடாது என்றாராம். வாவு முகம்மதும் மூச்சு விடவில்லை. எல்லாம் சரியாகத்தான் போனது. மறு வருஷம் பாம்பன் செபஸ்தியான் சாகிற வரைக்கும்.

செபஸ்தியானும் கடல்காரர்தான், வேறு வள்ளம். முதலில் இடுப்பு வலி என்று படுத்தார், பிறகு கால் விளங்கவில்லை, கடைசியில் திரும்பிப் படுக்கவும் முடியாமல் கத்திக் கத்தியே போனார். அடக்கத்துக்குப் போன சந்தியாகு அவர் மனைவி யாகப்பம்மாளிடம் துக்கம் விசாரித்தார்.

“நாலு வருசமா ஒண்ணுக்குப் போகச் சிரமப்பட்டாரு அண்ணே” என்று அவள் சொன்னாள். “மரைக்கார் வீட்டு நோவா இருக்குமோன்னு எனக்கு ஒரு பயம். ராமநாதபுரம் போவோமுன்னு போன கோடையில கெஞ்சினேன். போடி, அது நம்மளுக்கு வராது, சந்தியாகு மண்டாடி டாக்டர்ட்டயே கேட்டுட்டு வந்துருக்காருன்னு சொல்லிட்டாரு.”

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. தெரிந்த சேதியைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். கல்லறையில் மண் போடப் போன சந்தியாகு கையில் எடுத்த மண்ணைப் பிடித்தபடி நின்றார். யாரோ தோளைத் தொட்ட பிறகுதான் போட்டார்.

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. தான் சொன்ன சொல் இன்னும் எத்தனை வீட்டில் உட்கார்ந்திருக்கிறதோ? வலை காயப்போடுகிற இடத்தில் வயசாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் இவனுக்கு இருக்குமோ, அவனுக்கு இருக்குமோ என்று மனசு அடித்துக்கொண்டது. மாற்றிச் சொல்லலாம்தான். எனக்கே வந்தது என்று சொல்லவேண்டும். வந்தது என்றால் என்ன செய்தார்கள் என்று கேட்பார்கள். அப்புறம் எந்த மூஞ்சியோடு மண்டாடி என்று வள்ளத்தில் உட்காருவது? பொட்டை என்று ஒரு பயல் முதுகுக்குப் பின்னால் சொன்னால் போதுமே.

மண்டியில் போய் வாவு முகம்மதுவிடம் உட்கார்ந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சொல்லுங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? மதுரையில என்ன செஞ்சாகன்னு நானே ஒருத்தர்ட்டயும் சொல்லல, உங்களத் தவிர” என்றார். பிறகு, “என்னையப் பாத்துத்தான் எங்க பள்ளியில நாலு பேரு போனாக. உங்க ஆளுக யாரப் பாத்துப் போவாக?” என்று கேட்டார்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறுகிற நேரம், வள்ளம் வடகடலில் போய்க்கொண்டிருந்தது. சந்தியாகுவோடு தம்பி மரியதாஸ், சவேரியார், இன்னும் இரண்டு பேர். வலை விடுகிற இடம் வந்தது. சந்தியாகு வலை விடச் சொல்லவில்லை. எழுந்து பின்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்தார். வழக்கம்போல எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள்.

“ஏலே, இங்கன திரும்புங்க” என்றார்.

யாரும் திரும்பவில்லை. காதில் தப்பாக விழுந்ததோ என்று நினைத்தார்கள்.

“திரும்புங்கலே, உங்களத்தான்!”

திரும்பினார்கள். மண்டாடி சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றி வலை மேல் போட்டார். மாத்திரையில் பருத்துத் தொங்கிய மார்பு வெயிலில் தெரிந்தது. சவேரியார் சட்டென்று கண்ணைத் தாழ்த்தினார்.

“பாத்துக்கோங்க. கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. மரைக்கார் வீட்டு நோவுதான் எனக்கு வந்துச்சு. மதுரையில ரெண்டு விதையையும் எடுத்துட்டாக, அதுக்கு மேல குடுத்த மாத்திரைக்கு இப்படி ஆயிப்போச்சு. சிரிக்கிறவன் இப்பவே சிரிச்சுக்கோ, கரைக்குப் போயிச் சிரிக்காத.” கயிற்றை மாற்றிப் பிடித்துக்கொண்டார். “டாக்டரு நமக்கு வராதுன்னு சொல்லல. நம்ம ஆள நான் பாத்ததே இல்லன்னுதான் சொன்னாரு. நாந்தான் திரிச்சுக் கொண்டாந்து உங்க காதுல போட்டேன். செபஸ்தியான் அத நம்பிப் போயிச் சேந்துட்டான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை.

சந்தியாகு திரும்பிக் கடலைப் பார்த்து நின்றார். கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நாலு ஆம்பளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒண்ணுக்குப் போனார். தங்குதடையில்லாமல் போயிற்று.

“இப்படிப் போகணும்” என்றார் திரும்பாமலே. “எவனுக்காவது இப்படிப் போகலன்னா வாயத் தொறந்து சொல்லுங்க. வெக்கப்படாதீங்க. வெக்கத்த எல்லாம் நான் பட்டு முடிச்சுட்டேன்.”

வள்ளம் மெல்ல ஆடியது. சந்தியாகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். மரியதாஸ் வலைக் குவியலுக்குப் பக்கத்தில் தலையைக் கவிழ்த்தபடி உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமாக அண்ணன் எழுந்தால் தம்பியும், தம்பி எழுந்தால் அண்ணனும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட வள்ளம் அது.

“எனக்கு அப்படிப் போகலண்ணே” என்றார் மரியதாஸ்.

சந்தியாகு தம்பியையே பார்த்தார். கரையெல்லாம் இவன் எதற்காக அப்படிச் சொல்லித் திரிந்தான் என்று இப்போது விளங்கியது. அவனுக்குத்தான் அந்தச் சொல் அதிகமாகத் தேவைப்பட்டிருக்கிறது.

“இடுப்பு வலிக்குதாலே?”

“இல்ல. இன்னும் இல்ல.”

சந்தியாகு சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பாம்பன் வரைக்கும் கேட்கிற அந்தப் பழைய குரலில் கத்தினார்.

“பாயத் திருப்புங்கலே. ரயிலுக்கு நேரமாச்சு.”